எங்கள் கணக்கில் கை வைக்கும் முன் ஒரு வார்த்தை சொல்லுங்கள்

கணக்கு, பில்லிங், ஸ்டாக், சம்பள மென்பொருட்களை கிளவுட் வழியாகத் தரும் நிறுவனங்களின் பொறுப்பாளர்களுக்கு,

வணக்கம்.

திருப்பூரில் ஒரு பின்னலாடை நிறுவனத்தின் கணக்குப் பிரிவை நான் பார்த்துக்கொள்கிறேன். நூல் வாங்குவதில் தொடங்கி நிட்டிங், டையிங், காம்பாக்டிங், கட்டிங், தையல், செக்கிங், பேக்கிங் என்று சரக்கு எங்கெல்லாம் போகிறதோ அங்கெல்லாம் ஒரு டிசி (சரக்கோடு போகும் டெலிவரி சலான்), ஒரு பில், ஒரு பதிவு உண்டு. அத்தனையும் இப்போது கிளவுட் மென்பொருளில்தான் இருக்கிறது. முன்பு ஆபீஸ் மூலையில் ஒரு சர்வர் இருந்தது. புது வெர்ஷன் வந்தால் டீலரின் ஆள் வந்து, எங்களிடம் கேட்டு, பேக்கப் எடுத்துவிட்டுப் போடுவார். இப்போது அது எங்கள் கையில் இல்லை. காலையில் லாகின் செய்தால் மென்பொருள் மாறியிருக்கிறது.

கிளவுடுக்கு வந்ததில் எங்களுக்கு வருத்தம் இல்லை. ஹார்ட் டிஸ்க் போய்விட்டால் என்ன ஆகும் என்ற பயம் தீர்ந்தது. சாயப்பட்டறையில் நிற்கும் சூப்பர்வைசர் போனிலேயே டிசி போடுகிறார். ஆடிட்டர் தன் ஆபீஸில் இருந்தபடி லெட்ஜரைப் பார்க்கிறார். பழைய சர்வருக்குத் திரும்பிப் போக யாருக்கும் ஆசை கிடையாது. நான் சொல்ல வந்தது ஒன்றுதான். நீங்கள் போடும் ஒவ்வொரு அப்டேட்டும் எங்கள் கணக்குப் புத்தகத்தில் நடக்கும் ஒரு மாற்றம். அந்தப் புத்தகத்தில் கை வைக்கிற யாராக இருந்தாலும் முன்கூட்டிச் சொல்ல வேண்டும், என்ன செய்தார் என்று பதிய வேண்டும், தவறானால் திருப்ப வழி வைத்திருக்க வேண்டும். உங்களுக்கும் அதே விதி பொருந்த வேண்டும்.

2025 செப்டம்பரை எடுத்துக்கொள்வோம். 3ஆம் தேதி ஜிஎஸ்டி கவுன்சிலின் 56ஆவது கூட்டம் வரி விகிதங்களை மாற்றி முடிவெடுத்தது. 22ஆம் தேதி முதல் அமல். நடுவில் மூன்று வாரம்கூட இல்லை. ஆயத்த ஆடைக்கு அதுவரை பீஸ் 1,000 ரூபாய் வரை 5 சதவீதம், அதற்கு மேல் 12 சதவீதம். 22ஆம் தேதியிலிருந்து 2,500 ரூபாய் வரை 5, அதற்கு மேல் 18. செயற்கை இழை நூலுக்கு 12 ஆக இருந்தது 5 ஆனது. அவ்வளவு குறைந்த நாட்களில் நாடு முழுவதும் இருக்கும் வாடிக்கையாளர்களுக்கு இதை மாற்றிக் கொடுத்தீர்கள். அது பெரிய வேலை, மனதாரச் சொல்கிறேன். 22ஆம் தேதி காலை எங்கள் முதல் பில் சரியான வரியோடுதான் வந்தது.

சிக்கல் அப்புறம்தான் வந்தது. ஆகஸ்டில் பீஸ் 1,200 ரூபாய்க்கு, 12 சதவீத வரியில் பில் போட்ட ஸ்வெட்ஷர்ட் லாட்டில் ஒரு பகுதி, அளவு சரியில்லை என்று அக்டோபரில் திரும்பி வந்தது. பில் தொகையைக் குறைக்கும் கிரெடிட் நோட் போட வேண்டும். மூல பில்லில் எந்த விகிதமோ அதே விகிதம்தான் கிரெடிட் நோட்டிலும் வர வேண்டும், அதாவது 12. மென்பொருள் 5 போட்டது. பில் நம்பரைத் தேர்ந்தெடுத்தால் அந்த பில்லில் இருக்கும் வரியை எடுக்காமல், சரக்குப் பட்டியலான ஐட்டம் மாஸ்டரில் அன்றைக்கு இருக்கும் வரியை எடுத்தது. அப்டேட்டுக்கு முன்னால் அது மூல பில்லைத்தான் பார்த்துக்கொண்டிருந்தது. பீஸுக்கு 84 ரூபாய் வித்தியாசம். சரக்கைத் திருப்பிய பார்ட்டி அதற்காக அனுப்பிய டெபிட் நோட்டோடு தொகை ஒத்துவரவில்லை என்று எங்கள் அக்கவுண்ட்ஸ் அசிஸ்டென்ட் நிறுத்திப் பார்த்ததால் பிடிபட்டது.

அவர் பார்க்காமல் விட்டிருந்தால் என்ன ஆகியிருக்கும் என்று உங்களுக்குத் தெரியும். கிரெடிட் நோட்டும் அரசின் இ-இன்வாய்ஸ் போர்ட்டலுக்குப் போய் ஐஆர்என் என்ற பதிவு எண் வாங்கும். அங்கே ரத்து செய்ய 24 மணி நேரம்தான் அவகாசம். அது தாண்டினால் இன்னொரு ஆவணம் போட்டு நேர்செய்ய வேண்டும், விற்பனை விவரம் தாக்கல் செய்யும் ஜிஎஸ்டிஆர்-1ல் இரண்டையும் காட்ட வேண்டும், எதிர்ப் பார்ட்டியின் கணக்குப் பிரிவுக்கு விளக்க வேண்டும். சந்தையில் எங்கள் கணக்கு சரியாக இருக்கும் என்ற பெயரை வைத்துத்தான் கடனுக்கு நூல் கிடைக்கிறது.

அந்த அப்டேட்டோடு வந்த குறிப்பைத் தேடிப் படித்தோம். வரி விகித மேம்பாடுகள், பிழைத் திருத்தங்கள் என்று இரண்டே வரி. கிரெடிட் நோட் என்ற சொல்லே அதில் இல்லை. அதை எழுதியவருக்கு எந்த ஸ்கிரீன் மாறியது, எந்தக் கணக்கீடு மாறியது என்று தெரிந்திருக்கும். எழுதச் சொல்லி யாரும் கேட்கவில்லை போல. நாங்கள் கேட்கிறோம். கிரெடிட் நோட்டில் வரி இனி எங்கிருந்து எடுக்கப்படும் என்று ஒரே ஒரு வாக்கியம் இருந்திருந்தால், எங்களுக்கு எங்கே பார்ப்பது என்று தெரிந்திருக்கும். அந்தக் குறிப்பு தமிழிலும் வந்தால் ரொம்ப நல்லது. பில் போடும் கவுண்டரில் இருப்பவர்கள்தான் முதலில் தவறைப் பார்க்கிறார்கள், அவர்களில் பலர் தமிழில் படித்தால் சட்டென்று பிடித்துக்கொள்வார்கள்.

இன்னொன்று, அந்தக் குறிப்பு யாருக்குப் போகிறது என்பது. சந்தா வாங்கும்போது முதலாளியின் மெயில் ஐடி கொடுத்திருப்போம். உங்கள் அறிவிப்பெல்லாம் அங்கே போய், விளம்பர மெயில்களுக்கு நடுவில் கிடக்கிறது. தினமும் வவுச்சர் போடும் ஆளுக்கு, அவர் திறக்கும் ஸ்கிரீனிலேயே, மாறப்போகும் நாளுக்கு ஒரு வாரம் முன்பிருந்தே தெரிய வேண்டும்.

அடுத்து, சட்டத்தைப் பற்றிக் கொஞ்சம் பேச வேண்டும். 2023 ஏப்ரல் 1 முதல், கம்பெனிச் சட்டத்தின் கீழ் வரும் நிறுவனங்கள், ஒவ்வொரு திருத்தத்தையும் தேதியோடு பதிந்து வைக்கும் மென்பொருளில்தான் கணக்கு வைக்க வேண்டும். அந்த எடிட் லாகை அணைத்து வைக்க முடியக் கூடாது. வருடம் முழுக்க அது ஓடியதா, யாராவது அதில் கை வைத்தார்களா என்று ஆடிட்டர் தன் அறிக்கையில் எழுத வேண்டும். எங்கள் கேஷியர் ஒரு வவுச்சரின் விவர வரியில் ஓர் எழுத்தை மாற்றினாலும், யார், எப்போது, முன்பு என்ன இருந்தது என்று பதிவாகிறது. இந்த விதி நல்ல விதி. பழைய தேதியில் பதிவை மாற்றிவிட்டு ஒன்றும் தெரியாதது போல இருக்கும் பழக்கத்துக்கு அது முற்றுப்புள்ளி வைத்தது.

ஆனால் உங்கள் அப்டேட், ரவுண்ட் ஆஃப் முறையை பில்லின் ஒவ்வொரு லைனுக்கும் என்பதிலிருந்து பில் மொத்தத்துக்கு என்று மாற்றினால், அது எங்கே பதிவாகிறது? ஒரே ஜாப் ஒர்க் ரேட், ஒரே கிலோ, மார்ச் பில்லும் ஏப்ரல் பில்லும் சில பைசா வேறுபடுகின்றன. ஏன் என்று ஆடிட்டர் கேட்டால் எடிட் லாகில் காட்ட ஒன்றும் இல்லை. ஏனென்றால் நாங்கள் எதையும் திருத்தவில்லை. பதிவைத் தொடாமல், பதிவைக் கணக்கிடும் விதத்தை நீங்கள் மாற்றியிருக்கிறீர்கள். ஒவ்வொரு ஆவணத்தோடும் அது எந்த வெர்ஷனில் உருவானது என்ற எண்ணைச் சேர்த்து வையுங்கள். எந்த வெர்ஷனில் எந்தக் கணக்கீடு மாறியது என்ற பட்டியலைப் பழைய ஆண்டுகளுக்கும் சேர்த்து அழியாமல் வையுங்கள். மற்றதெல்லாம் பிறகு பேசிக்கொள்ளலாம் என்று சொன்னால்கூட, இந்த ஒன்றை மட்டும் இப்போதே செய்யச் சொல்லி மன்றாடுவேன்.

சரி, அப்டேட்டே போடாமல் இருங்கள் என்கிறேனா என்றால் நிச்சயமாக இல்லை. 2017 மார்ச்சில் அப்பாச்சி ஸ்ட்ரட்ஸ் என்ற மென்பொருளில் ஒரு ஓட்டை கண்டுபிடிக்கப்பட்டு, அடைக்கும் திருத்தமும் வெளியானது. அமெரிக்காவின் எக்விஃபேக்ஸ் நிறுவனத்தில் ஓர் இடத்தில் அதைப் போடாமல் விட்டுவிட்டார்கள். அந்த வழியாக உள்ளே வந்தவர்கள் ஏறக்குறைய 14.7 கோடி பேரின் விவரங்களை எடுத்துப் போனார்கள். பாதுகாப்புத் திருத்தம் காத்திருக்கக் கூடாது. நடு இரவோ பட்டப் பகலோ, எங்களிடம் கேட்காமலேயே போடுங்கள். போட்ட பிறகு சொன்னால் போதும். ஆனால் அந்த அவசரத்தின் முதுகில் ஏறிப் புது டேஷ்போர்டும், இடம் மாறிய பொத்தானும், புதிய வரிக் கணக்கீடும் வரக் கூடாது. இரண்டையும் ஒரே மூட்டையாகக் கட்டி அனுப்பினால், ஒன்றுக்குத் தயங்குகிற எங்களால் மற்றதையும் தள்ளிப்போடத்தான் முடியும். பிரித்து அனுப்புங்கள். ஓட்டை அடைப்பதை உடனே, கணக்கை மாற்றுவதைச் சொல்லிவிட்டு.

பாதுகாப்புத் திருத்தமாகவே இருந்தாலும் எல்லோருக்கும் ஒரே நொடியில் அனுப்பினால் என்ன ஆகும் என்பதை 2024 ஜூலை 19 காட்டிவிட்டது. கிரவுட்ஸ்ட்ரைக் நிறுவனம் தன் பாதுகாப்பு மென்பொருளுக்கு ஒரு சிறிய கோப்பை அனுப்பியது. அமெரிக்காவில் நள்ளிரவும் முன்னிரவுமாக இருந்தபோது நமக்கு வெள்ளிக்கிழமை காலை 9:39. மென்பொருள் 20 விவரங்களைத் தர, புதுக் கோப்பு 21ஆவதைத் தேடியது. 78 நிமிடத்தில் திரும்பப் பெற்றுவிட்டார்கள். அதற்குள் சுமார் 85 லட்சம் விண்டோஸ் கணினிகள் நின்றுபோயின. நம் நாட்டு விமான நிலையங்களில் போர்டிங் பாஸைக் கையால் எழுதிக் கொடுத்தார்கள். கோப்பைத் திரும்பப் பெற்றதால் ஏற்கெனவே நின்ற கணினிகள் எழுந்துவிடவில்லை; பெரும்பாலும் ஒவ்வொன்றையும் சேஃப் மோடில் திறந்து கோப்பை அழிக்க வேண்டியிருந்தது. அதற்குப் பிறகு அந்த நிறுவனமே, இனி இத்தகைய கோப்புகளையும் படிப்படியாக அனுப்புவோம், எப்போது ஏற்பது என்பதில் வாடிக்கையாளருக்கும் பிடி தருவோம் என்று அறிவித்தது. நீங்களும் முதலில் சிலருக்குப் போட்டு, ஓரிரு நாள் பார்த்து, அப்புறம் மற்றவர்களுக்குக் கொண்டுவரலாம். முன்வந்து முதலில் வாங்கிப் பார்க்கும் நிறுவனங்கள் எங்கள் ஊரிலேயே கிடைக்கும்.

இப்போது வெள்ளோட்டப் பிரதிக்கு, அதாவது புது வெர்ஷனை முன்கூட்டியே போட்டுப் பார்க்கும் தனி நகலுக்கு, வருகிறேன். பெரிய நிறுவனங்களுக்கு இது புதிதில்லை. ஆரக்கிள் ஃப்யூஷன் என்ற கிளவுட் மென்பொருளைப் பயன்படுத்துபவர்களுக்குக் காலாண்டுக்கு ஒரு அப்டேட், அது முதலில் சோதனைச் சூழலில் விழுந்து இரண்டு வாரம் கழித்துத்தான் உண்மையான கணக்குக்கு வருகிறது. சேல்ஸ்ஃபோர்ஸ் ஆண்டுக்கு மூன்று முறை பெரிய வெர்ஷன் வெளியிடுகிறது, அதற்கு முன்பே சாண்ட்பாக்ஸ் என்ற சோதனைப் பிரதியில் போட்டுப் பார்க்க விடுகிறது. எங்களைப் போன்றவர்கள் கேட்டால், அந்த வசதி மேல் பிளானில்தான் இருக்கிறது என்று பதில் வருகிறது. தவறு நடந்தால் வரி அலுவலகத்திலிருந்து வரும் நோட்டீஸ் பிளானைப் பார்த்து வருவதில்லை. எங்கள் தரவின் நகல் ஒன்று, இரண்டு வாரத்துக்கு, புது வெர்ஷனில் ஓடினால் போதும். அதை எந்தப் பிளானிலும் கொடுக்க முடியும்.

கொடுத்தால் நாங்கள் சும்மா வைத்திருக்க மாட்டோம். எங்களிடம் ஒரு பட்டியல் இருக்கிறது. உள்ளூர் பில் ஒன்று, வெளிமாநில பில் ஒன்று. எல்யூடி என்ற உறுதிமொழி கொடுத்து, வரி கட்டாமல் ஏற்றுமதி பில், ஐஜிஎஸ்டி கட்டி ஏற்றுமதி பில். சாயப்பட்டறைக்குப் போகும் டிசி, போன கிலோவுக்கும் திரும்பிய கிலோவுக்கும் இடையில் வேஸ்டேஜ் கழிகிறதா என்று. லாரி வாடகைக்கு ரிவர்ஸ் சார்ஜ், அதாவது லாரிக்காரருக்குப் பதில் நாங்களே கட்டும் வரி. வரி மாறுவதற்கு முந்தைய பில்லுக்குக் கிரெடிட் நோட், இது இப்போது பட்டியலின் முதலிடத்துக்கு வந்துவிட்டது. வாரச் சம்பளத்தில் பிஎஃப், இஎஸ்ஐ பிடித்தம். பேங்குக்கு ஏற்றும் பேமெண்ட் ஃபைலின் வடிவம். பிரிண்டில் க்யூஆர் கோடு ஸ்கேன் ஆகிறதா, தமிழில் அடித்த பார்ட்டி பெயர் உடையாமல் வருகிறதா. அரை நாள் உட்கார்ந்தால் முடிந்துவிடும். தவறு கண்டால் படம் எடுத்து உங்களுக்கே அனுப்புவோம்.

ஏற்றுமதி பில்லை ஏன் இரண்டு முறை சொன்னேன் என்றால், ஐஜிஎஸ்டி கட்டி ஏற்றுமதி செய்பவர்களுக்கு அந்தப் பணம் ரீஃபண்டாக வர வேண்டும். சுங்கத் துறைக்குக் கொடுக்கும் ஷிப்பிங் பில்லில் இருக்கும் இன்வாய்ஸ் நம்பரும் ஜிஎஸ்டிஆர்-1ல் இருக்கும் நம்பரும் எழுத்துக்கு எழுத்து பொருந்தினால்தான் சுங்கத் துறையின் கணினி அதை விடும். பொருந்தாவிட்டால் எஸ்பி005 என்று பிழை காட்டி நிற்கும். இன்வாய்ஸ் நம்பருக்கு முன்னால் ஒரு பூஜ்யத்தைக் கூட்டுவதோ குறைப்பதோ உங்களுக்கு அழகுபடுத்தும் மாற்றமாகத் தெரியலாம். இங்கே அது நடைமுறை மூலதனத்தை முடக்கிவிடும், அந்தப் பணத்தை நம்பித்தான் அடுத்த ஆர்டருக்கு நூல் எடுப்பார்கள்.

இந்த விஷயத்தில் அரசுத் துறையின் நடைமுறையையே உதாரணமாகச் சொல்லலாம். இன்வாய்ஸ் நம்பரில் சிறிய ஆங்கில எழுத்தும் பெரிய எழுத்தும் ஒன்றாகவே கருதப்படும் என்ற மாற்றத்தை இ-இன்வாய்ஸ் போர்ட்டலில் 2025 ஜூன் 1 முதல் கொண்டுவந்தார்கள். அதை ஏப்ரலிலேயே அறிவித்துவிட்டார்கள். போர்ட்டலோடு மென்பொருளை இணைப்பவர்கள் முன்பே சோதித்துப் பார்க்கத் தனிச் சோதனைத் தளமும் வைத்திருக்கிறார்கள், அதை நீங்களே தினமும் பயன்படுத்துகிறீர்கள். உங்களுக்குக் கிடைக்கும் அந்த அவகாசத்தில் ஒரு பங்கை எங்களுக்கும் விடுங்கள்.

தேதியும் நேரமும் ரொம்ப முக்கியம். எங்கள் மாதம் எப்படி ஓடுகிறது என்று பாருங்கள். 7ஆம் தேதி பிடித்த வரியான டிடிஎஸ், 11ஆம் தேதி ஜிஎஸ்டிஆர்-1, 15ஆம் தேதி பிஎஃப், இஎஸ்ஐ, 20ஆம் தேதி ஜிஎஸ்டி கட்டும் ஜிஎஸ்டிஆர்-3பி. மாதக் கடைசி நாட்களில் டெஸ்பாட்ச் குவியும். அப்டேட்டுக்கு ஏற்ற நாட்கள் 21 முதல் 25 வரைதான். அதிலும் வார இறுதி என்று நீங்கள் நினைப்பது எங்களுக்கு வார இறுதி ஆகாது. கலிபோர்னியாவில் வெள்ளிக்கிழமை இரவு என்று குறித்தால் அது இங்கே சனிக்கிழமை பகல். சனிக்கிழமை திருப்பூரில் சம்பள நாள். கட்டிங் மாஸ்டரிலிருந்து கைமடிப்பு அக்கா வரை அன்று மாலை வாரக் கூலிக்காக நிற்பார்கள். அந்த நேரத்தில் பராமரிப்பு நடக்கிறது, பிறகு வரவும் என்று ஸ்கிரீன் காட்டினால், கூலியை நம்பி மளிகைக் கடைக்கும் ஊருக்குப் போகும் பஸ்ஸுக்கும் கணக்குப் போட்டு வைத்திருப்பவர்களிடம் நாங்கள் என்ன சொல்வது? ஞாயிறு காலையில் வைத்துக்கொள்ளுங்கள். மைக்ரோசாஃப்ட் 2003 முதல் மாதத்தின் இரண்டாவது செவ்வாய் என்று தன் திருத்தங்களுக்கு ஒரு நாளைப் பிடித்து வைத்திருக்கிறது. உலகமே அதற்கேற்ப வேலையை அமைத்துக்கொண்டது. உங்களாலும் ஒரு நாளைக் குறித்து, அதில் நிற்க முடியும்.

திருப்பும் வழி பற்றியும் சொல்லிவிடுகிறேன். கணக்குப் புத்தகங்களின் பேக்கப் தினமும் இந்தியாவில் இருக்கும் சர்வரில் இருக்க வேண்டும் என்று 2022 ஆகஸ்டிலிருந்து கம்பெனி விதிகள் சொல்கின்றன. எனவே அப்டேட்டுக்கு முந்தைய நாளின் நகல் உங்களிடம் எப்படியும் இருக்கும். எல்லோருக்கும் பழைய வெர்ஷனுக்குப் போவது கிளவுடில் நடக்காது, அது எங்களுக்கும் புரிகிறது. ஆனால் மாறிய கணக்கீட்டை மட்டும் ஒரு ஸ்விட்ச் வைத்து, ஒரு மாதம் பழைய முறையிலேயே ஓட்ட விடலாம். அந்த முந்தைய நாள் நகலை எக்செல்லாக நாங்களே இறக்கிக்கொள்ளவும் விடலாம். எது எப்படி இருந்தது என்று ஒப்பிட்டுப் பார்க்க அது போதும்.

இப்போது குறிப்பாக ஒரு நாளைச் சொல்கிறேன். வருமான வரிச் சட்டம் 2025, 2026 ஏப்ரல் 1ஐத் தொடக்க நாளாகக் கொண்டது. இவ்வளவு காலம் 194சி (ஒப்பந்த வேலை), 194க்யூ (சரக்கு வாங்குதல்) என்று வாயில் பழகிய டிடிஎஸ் பிரிவு எண்கள் போய், சம்பளம் அல்லாத பிடித்தங்கள் 393ஆம் பிரிவுக்குள் வருகின்றன. அதே நாளில் புது நிதியாண்டு, புது இன்வாய்ஸ் வரிசை, ஓப்பனிங் பேலன்ஸ் எல்லாம் இருக்கின்றன. மார்ச் மாத பில்லுக்கு ஏப்ரலில் பணம் கொடுக்கும்போது எந்தப் பிரிவு, எந்த ஆண்டு என்ற கேள்வி, அக்டோபரில் எங்களுக்கு வந்த கிரெடிட் நோட் கேள்வியைப் போன்றதே. இரண்டு சட்டங்களும் ஒரே லெட்ஜரில் அடுத்தடுத்த வரிகளில் நிற்கும் காலம் அது. இதுபோல வருடம் மாறும் இடங்களில் உங்கள் மென்பொருள் எப்படிக் கணக்கிடுகிறது என்பதை உதாரண பில்களோடு எழுதி வெளியிடுங்கள். நாங்கள் அதை ஆடிட்டரிடம் காட்டிச் சரிபார்த்துக்கொள்கிறோம்.

இந்த மடலைப் படிக்கும் பொறுப்பாளர் ஒவ்வொருவரிடமும் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் கேட்கிறேன். உங்கள் அடுத்த ஆண்டு அப்டேட் தேதிகள் என்ன? எல்லாப் பிளானுக்கும் சோதனைப் பிரதி எப்போது வரும்? ஆவணத்தில் வெர்ஷன் எண்ணை எந்த வெர்ஷனிலிருந்து பதிவீர்கள்? பதிலை உங்கள் தளத்தில் எல்லோரும் பார்க்கும்படி வைத்தால் போதும். எங்கள் சோதனைப் பட்டியலை எந்த நிறுவனம் கேட்டாலும் தருகிறேன்.

இப்படிக்கு,
திருப்பூர் பின்னலாடை நிறுவனம் ஒன்றின் கணக்குப் பிரிவிலிருந்து